மில்லுக்குள் மாப்பிள்ளை

ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாக இருப்பதே பெரும்பாடு. ஓர் ஆலைக்கே மாப்பிள்ளையாக இருப்பவனின் பாட்டைச் சொல்லவா வேண்டும்? போர்மேனின் மகளைக் கட்டிக்கொண்டு, போர்மேன் பேசி வாங்கிக் கொடுத்த மெக்கானிக் வேலையில் சேர்ந்த அன்றே அவனுடைய சொந்தப் பெயர் தொலைந்துபோயிற்று. வாட்ச்மேன், லாரி டிரைவர்கள், கேன்டீன் அக்கா, அவன் அப்பா வயதுள்ள வெல்டர் என்று எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். முதலில் கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். நாளடைவில் கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இதில் வீட்டோடு மாப்பிள்ளை வேறு. அவனுக்கும் மனைவிக்கும் கொடுத்திருந்த அறையின் கதவு நேராக ஹாலுக்குள் திறக்கும். ஹாலில் மாமனார் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். இருமினால் "என்ன மாப்பிள்ளை, ஜலதோஷமா?" என்பார். விளக்கு சீக்கிரம் அணைந்தால் மறுநாள் காலை மாமியார் "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்பார். காலையில் ஆலைக்குப் போவது மாமனாரின் பைக்கில், பின் சீட்டில். சாயங்காலம் திரும்புவதும் அதே பின் சீட்டில். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி ஒரு நாள் லீவு போட முடியாது, ஏனென்றால் லீவு கொடுக்க வேண்டியவர் எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாமனார் கொடுமைக்காரர் என்றாலாவது ஒரு நாள் சண்டை போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கியிருக்கலாம். மனிதர் தங்கமானவர். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை' என்று வாய் நிறைய மரியாதைதான். தனி வீடு பார்க்கலாமா என்று அவன் இழுக்கும்போதெல்லாம், "பாத்தாப் போச்சு மாப்பிள்ளை, பேசிக்கலாம்" என்பார். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் பேசிக்கொண்டபாடில்லை.

அந்த ஆலையில் சுண்ணாம்புக் கல்லை மாவாக அரைக்கிறார்கள். அரைக்கிற மில் என்பது படுக்க வைத்த ஒரு பெரிய இரும்பு உருளை. ஒரு குடும்பம் உள்ளே பாய் விரித்துப் படுக்கலாம், அவ்வளவு இடம் உண்டு. ஆனால் அதன் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு இரும்புக் குண்டுகள் கிடக்கும். உருளை சுற்றச் சுற்ற, குண்டுகள் மேலே ஏறி விழுந்து கல்லைப் பொடிப்பொடியாக்கும். மாதத்தில் ஒரு நாள் அதை நிறுத்தி, போல்ட்டுகளையும் பல்சக்கரங்களையும் பார்த்து, எண்ணெய் மாற்றி, கடைசியில் உள்ளேயும் இறங்கித் தட்டிப் பார்க்க வேண்டும். அது மாப்பிள்ளையின் வேலை.

கோளாறு வந்த பிறகு பார்த்தால் அதற்கு ரிப்பேர் என்று பெயர். வருவதற்கு முன்பே பார்த்தால் செக்கிங். ரிப்பேர் செய்தவனுக்கு ஆலையே டீ வாங்கிக் கொடுக்கும். செக்கிங் செய்கிறவனிடம் "இன்னுமா முடியல?" என்று கேட்கும். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக ஒருத்தன் வேலை செய்கிறான் என்றால் அதை யார்தான் மதிப்பார்கள்?

உள்ளே இறங்குவதற்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு உள்ளே போகிற ஒவ்வொருவரும் அந்தச் சுவிட்சின் கைப்பிடியில் தன்னுடைய சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே எத்தனை பேரோ, சுவிட்சில் அத்தனை பூட்டு. போட்டவன் கையால்தான் எடுக்க வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் அடுத்தவன் பூட்டைத் தொடக் கூடாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் போர்மேன்தான். அதில் மட்டும் அவர் கல்.

மாப்பிள்ளைக்கு அந்தப் பூட்டின்மேல் தனிப் பிரியம். வீட்டுச் சாவி மாமியார் இடுப்பில், பைக் சாவி மாமனார் சட்டைப் பையில், பீரோ சாவி மனைவியின் கைப்பையில். இந்த உலகத்தில் அவன் ஒருத்தன் மட்டுமே திறக்கக்கூடிய பொருள் அந்தப் பூட்டு ஒன்றுதான்.

அன்று காலையும் அதை மாட்டிவிட்டு, டார்ச்சும் சுத்தியலுமாக உள்ளே நுழைந்தான். நுழைவாசல் என்று மரியாதைக்குச் சொல்லலாம். தோளைக் குறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டிய ஓர் ஓட்டை. உள்ளே கும்மிருட்டு. நேற்றுவரை ஓடிய சூடு இன்னும் சுவரில் இருந்தது. கால் வைத்த இடத்திலெல்லாம் குண்டுகள் உருண்டன. ஓட்டையருகே வைத்திருந்த மின்விசிறி உள்ளே தள்ளிய காற்றில் மாவுதான் அதிகம் வந்தது.

உள்சுவர் முழுக்கத் தேய்மானத்துக்காகத் தகடுகள் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு தகட்டின் போல்ட்டிலும் சுத்தியலால் ஒரு தட்டு. கணீர் என்றால் இறுக்கமாக இருக்கிறது, தொப் என்றால் தளர்ந்துவிட்டது. தட்டிக்கொண்டே உருளையின் கோடிச் சுவருக்கு வந்தான். அங்கே ஒரு தகட்டை, போன மாதம் போலவே, கழற்றி வைத்திருந்தார்கள். தகட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புச் சுவரில், ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து முடி அளவுக்கு ஒரு விரிசல் கிளம்பியிருப்பதைப் போன மாதமே அவன் பார்த்திருந்தான். மாமனாரிடமும் சொல்லியிருந்தான். "நுனியில ஒரு குத்துப்புள்ளி போட்டு வைங்க, நீளுதான்னு அடுத்த தடவை பாப்போம்" என்றார் அவர். அது தப்பில்லை, எல்லா ஆலையிலும் செய்வதுதான்.

இப்போது டார்ச்சை அடித்துப் பார்த்தான். விரிசல் புள்ளியைத் தாண்டி ஒரு விரல் நீளம் போயிருந்தது. போனதோடு நில்லாமல், அடுத்த போல்ட் ஓட்டையை நோக்கித் திரும்பியிருந்தது. பக்கத்தில் சுத்தியலால் தட்டினான். கணீரும் இல்லை, தொப்பும் இல்லை. சத்தம் செத்துக் கிடந்தது.

அந்தச் சுவர்தான் உருளையின் அந்தப் பக்கத்துப் பாரத்தையெல்லாம் தாங்குகிறது. அது கிழிந்தால் வயிறு நிறையக் குண்டோடு மில் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடும். அந்தப் பக்கம் நேர் கீழே ஆபரேட்டரின் நாற்காலி. ஆபரேட்டருக்கு ஆலையில் ரேடியோ என்று பெயர். மில் ஓடுகிற இரைச்சலிலும் வாய் ஓயாது என்பதால் வந்த பெயர். இந்த ஆலையில் மாப்பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசுகிற ஒரே ஜீவன் அவன்தான்.

"மாமா!" என்று கத்தினான்.

ஓட்டையில் ஹெல்மெட்டும் மீசையுமாகப் போர்மேனின் முகம் வந்தது. "என்ன மாப்பிள்ளை?"

"நீண்டிருக்கு மாமா. புள்ளியைத் தாண்டி ஒரு விரல் நீளம். அடுத்த போல்ட்டு பக்கமா திரும்பியிருக்கு."

முகம் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தது. பின்னால் மேனேஜர் யாரிடமோ போனில், "மத்தியானம் ஓட்டிருவோம், ராத்திரி லோடு ஏறிடும்" என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"இன்னொரு புள்ளி போட்டுட்டு வாங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"சுத்தி போட்டா சத்தமே வரல மாமா. ரேடியோ தலைக்கு நேர் மேல இருக்கு."

"சார் நிக்கிறாரு மாப்பிள்ளை. வெளிய வாங்க, பேசிக்கலாம்."

மாப்பிள்ளை சுத்தியலைப் பையில் போட்டான். ஓட்டையை நோக்கி இரண்டு எட்டும் வைத்தான். அதற்கு மேல் கால் வரவில்லை. வெளியே போனால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். யாரும் அதட்டப் போவதில்லை. மாமனார் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போவார், சுவிட்ச் முன்னால் நிறுத்துவார், "எடுங்க மாப்பிள்ளை" என்பார். அவ்வளவுதான், அவன் கை தன்னாலே சாவியை எடுத்துவிடும். தன் கையைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும். வேண்டாம் வேண்டாம் என்று மனசு கத்திக்கொண்டிருக்கும்போதே மாமியாரிடம் தட்டை நீட்டுகிற கை அது.

ஆகவே உட்கார்ந்துவிட்டான். துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெளியே போனால் தோற்றுவிடுவோம் என்ற பயம்தான்.

"நான் வரல மாமா" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகு வெளியே நடந்ததெல்லாம் இரும்புச் சுவர் வழியாகக் காதில்தான் விழுந்தது. மேனேஜர் என்ன ஏது என்று கேட்டார். போர்மேன் விளக்கினார். "உள்ள உக்காந்துட்டானா? வீட்ல கோவிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள உக்கார்ற மாதிரியா?" என்று மேனேஜர் கத்தினார். யாரோ சிரித்தார்கள். பூட்டை வெட்டிவிட்டு ஆளைத் தூக்கி வெளியே போடச் சொன்னார்.

"அது மட்டும் முடியாதுங்க சார்" என்று சொல்ல வந்த போர்மேன், அந்தச் சொல்லைப் பாதியில் விழுங்கியது அவனுக்குக் கேட்டது. "அது வந்து சார்... ஒரு பூட்டை வெட்டினோம்னா, நாளைக்கு எவனும் நம்பி உள்ள இறங்க மாட்டான் சார். நான் பேசி வர வைக்கிறேன்" என்றார். மேனேஜர், மத்தியானத்துக்குள் வரவில்லை என்றால் மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் அனுப்பப்பட்டவன் ரேடியோ.

"மாப்ள, என்னய்யா உள்ள? புதையல் கிதையல் கெடைச்சுதா? எனக்கும் ஒரு பங்கு குடு" என்று தலையை நீட்டினான்.

"உன் தலைமேல விழும்யா அது."

"என் தலைதானே? நானே கவலைப்படல, உனக்கென்ன வந்துச்சு? இன்னிக்கு என் பொண்ணு ஸ்கூல்ல மீட்டிங்குய்யா. மில்லை ஓட விட்டு அடுத்தவன்கிட்ட குடுத்தாத்தான் நான் கெளம்ப முடியும். போன தடவையே போகலைன்னு அந்தக் குட்டி ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. நீ இங்க தவம் பண்றியே, இது நியாயமா?"

"அந்தப் பொண்ணுக்கு நீ உசிரோட வேணாமா?"

"இத்தனை வருஷம் அங்கதான்யா உக்காந்திருக்கேன். ஒரு தூசி விழுந்துச்சா?" என்றான் ரேடியோ. பிறகு, அவன் வாய் கொஞ்ச நேரம் நின்றுபோயிற்று. "நெசமாவே விழுமா மாப்ள?"

இந்த இடத்தில் விழும் என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். கெட்டிக்காரன் என்றால் சொல்லியிருப்பான். மாப்பிள்ளையால் முடியவில்லை. "தெரியல. நாளைக்கே விழலாம். பத்து வருஷம் கழிச்சும் விழலாம்."

"அப்ப விழாமலும் போகலாம்."

"போகலாம்."

"அப்புறம் என்னய்யா? வா வெளிய" என்று ரேடியோ தெம்பாகச் சொல்லிவிட்டுத் தலையை எடுத்துக்கொண்டான்.

மாப்பிள்ளைக்கு அழுகை வரும் போலிருந்தது. அவன் சொல்வது சரிதான் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அந்தச் சுவர் கிழிய வேண்டும். கிழிந்தால் ரேடியோ இருக்க மாட்டான். கிழியாமல் தடுத்துவிட்டால், மாமனாரிடம் கோபித்துக்கொண்டு மில்லுக்குள் போய் உட்கார்ந்த கோமாளி என்று காலம் முழுக்கச் சிரிப்பார்கள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அது கிழிந்துதான் தொலையட்டுமே என்று நினைத்தான். நினைத்த உடனே தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

வியர்வையில் சுண்ணாம்பு மாவு குழைந்து கழுத்தில் பிசுபிசுத்தது. சுற்றிலும் இரும்பு. கையை நீட்டினால் இரும்பு, சாய்ந்தால் இரும்பு. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டு அறையில் ஒரு நாளும் வராத ஒரு நிம்மதி அவனுக்கு அங்கே வந்தது. இங்கே யாரும் கதவைத் தட்டி உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. சாவி அவன் பையில் இருந்தது. நினைத்தால் வெளியே போகலாம், போக வேண்டாம் என்று நினைத்ததும் அவன்தான். அவனாக நினைத்து ஒரு காரியம் செய்து எத்தனை காலமாயிற்று?

அடுத்து வந்தது அவன் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். ஓட்டையில் அவள் முகம் தெரிந்ததும் அவன் எழுந்து நின்றான்.

"உள்ள மயங்கி விழுந்துட்டீங்கன்னு அப்பா போன் பண்ணாரு" என்றாள். மூச்சு வாங்கியது. "நல்லாத்தானே நிக்கிறீங்க?"

"மயங்கல. விரிசல் இருக்கு. அவரு ஓட்டச் சொல்றாரு."

"விரிசல் கதையெல்லாம் வெளியிலயே கேட்டேன். ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. நீங்க உக்காந்திருக்கறது விரிசலுக்காகவா, எங்க அப்பாவுக்காகவா?"

விரிசலுக்காகத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான். இருட்டில் நிற்கும்போது பொய் சொல்வது சுலபம் என்பார்கள், அவனுக்கு என்னவோ வரவில்லை. "ரெண்டுக்கும்தான்" என்றான்.

அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஓட்டையின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு தலையை இன்னும் உள்ளே நீட்டினாள்.

"அந்த ரூமுக்குள்ள நான் மட்டும் குதிச்சுக்கிட்டா இருக்கேன்?" என்றாள், குரலைத் தாழ்த்தி. "உங்களுக்காவது அது மாமனார் வீடு. கோவம் வந்தா மனசுக்குள்ள திட்டிக்கலாம். எனக்கு அப்பா வீடு. நான் யாரைத் திட்டறது?"

இத்தனை வருஷமாக அவன் தன் மூச்சுமுட்டலையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். பக்கத்தில் படுத்திருப்பவளுக்கும் மூச்சு முட்டும் என்பது தோன்றவே இல்லை.

"நான் இப்ப என்ன பண்ணட்டும்?"

"வெளிய வரச் சொல்லி சொல்லத்தான் அனுப்பினாரு. சொல்லிட்டேன்."

"வரணுமா?"

"சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன்னு சொன்னேனே" என்று அவள் ஒரு தண்ணீர் பாட்டிலை உள்ளே நீட்டினாள். அவன் வாங்கும்போது அவள் விரல்கள் அவன் விரலை ஒரு தரம் அழுத்தின. பிறகு முகம் போய்விட்டது. வெளியே, "வரமாட்டேங்கறாருப்பா" என்று அவள் சத்தமாகச் சொல்வது கேட்டது.

அதற்குப் பிறகுதான் சுவிட்ச் பக்கம் க்ளிக் என்று ஒரு சத்தம் வந்தது. பூட்டை வெட்டிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை பதறிப்போனான். அதற்குள் ஓட்டையை ஒரு பெரிய உருவம் அடைத்து, இருந்த கொஞ்ச வெளிச்சமும் போயிற்று. போர்மேன்தான். தன் சட்டப்படி தன் பூட்டையும் மாட்டிவிட்டு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தார். தலை வந்தது, தோள் வந்தது, வயிறு மாட்டிக்கொண்டது. முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் போக முடியாமல் மனிதர் தொங்கினார்.

"இழுங்க மாப்பிள்ளை" என்றார் மூச்சுத் திணற.

வெளியே ரேடியோ பின்னால் தள்ள, உள்ளே மாப்பிள்ளை இரண்டு கையையும் பிடித்து இழுக்க, ஒரு பட்டன் தெறித்து மாமனார் குண்டுகளின்மேல் வந்து விழுந்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். அவர் எழுந்து, மாவைத் தட்டிக்கொண்டு, சுத்தியலுக்குக் கையை நீட்டினார்.

மாப்பிள்ளை டார்ச்சைப் போட்டுக் காட்டினான். கோடிச் சுவரைச் சுற்றிலும் தட்டினார். கணீர், கணீர், கணீர். விரிசலருகே வந்தார். செத்த சத்தம். இன்னொரு முறை தட்டினார். பிறகு கட்டைவிரல் நகத்தை விரிசலில் வைத்தார். நகம் உள்ளே இறங்கியது. அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டீங்களா மாமா?"

"வெளியிலிருந்தே கேட்டேன்" என்றார் அவர், ரகசியம் போல. "ஒரு வாரமா மில்லு ஓடறப்ப இந்தப் பக்கம் ஒரு மொணகல். கேட்டும் கேக்காத மாதிரி இருந்தேன்."

"தெரிஞ்சுமா?"

"முடியாதுன்னு சொல்லிப் பழக்கமில்ல மாப்பிள்ளை எனக்கு. இந்த ஆலையில காலடி வெச்ச நாள்லேர்ந்து மேல இருக்கறவங்ககிட்ட ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. வாய் வரைக்கும் வருது. வெளிய விழறப்ப 'சரிங்க சார்'னு விழுது." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாவும் வியர்வையுமாக மீசை வெளுத்திருந்தது. "நீங்க வரலைன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. எப்படிய்யா வந்துச்சு அந்த வார்த்தைன்னு."

டார்ச் வெளிச்சத்தில் மாப்பிள்ளை அவரைப் பார்த்தான். இத்தனை வருஷம் பின் சீட்டிலிருந்து முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்த மனிதர். இவரும் தன்னைப் போலத்தான் தட்டை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பாவமாக இருந்தது, பாசமாகக்கூட இருந்தது. இனி இவர் வெளியே போய்ச் சொல்லிவிடுவார், எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

"ஒரு வேலை பண்ணுங்க மாப்பிள்ளை" என்றார் போர்மேன். குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது. "நான் வெளிய போய் என் பூட்டை எடுத்துக்கறேன். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்கறான்னு சார்கிட்ட சொல்லிடறேன். மில்லு செஞ்ச கம்பெனிக்கு நானே போன் போட்டு ஆளை வரச் சொல்றேன். அவங்க வந்து பாத்து, ஓட்டக் கூடாதுன்னு சொல்ற வரைக்கும் நீங்க உள்ளயே இருங்க. நாளைக்கு ஆகலாம், நாளன்னிக்கும் ஆகலாம். சாப்பாடு குடுத்து விடறேன். நான் சொல்லாம வெளிய வந்துடாதீங்க."

மாப்பிள்ளைக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அடிவயிற்றிலிருந்து கோபம் பொங்கியது.

"நீங்களே அவர்கிட்ட சொல்லலாமே மாமா. ரெண்டு பேரும் போய் நிப்போம்."

"என்னால ஆகாது மாப்பிள்ளை" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. "அங்க போய் நின்னா நான் உங்களை எடுக்கச் சொல்லிடுவேன். நீங்களும் எடுத்துடுவீங்க. நீங்க உள்ள இருந்தாத்தான் ரேடியோவுக்கு உசிரு."

உண்மைதான். ஒரு எழுத்துகூட மறுக்க முடியாத உண்மை. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் எதிர்த்து ஒன்று செய்தான். அதையும் இந்த மனிதர் உள்ளே வந்து, மடித்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார். இனி இங்கே உட்கார்ந்திருந்தால் அது மாமனார் சொல்லைக் கேட்பது. சொல்லை மீறி எழுந்து போனாலோ, மில் ஓடும், ரேடியோ அந்த நாற்காலியில் போய் உட்காருவான். ஒரு கணம் அவரைத் தள்ளிவிட்டு ஓட்டை வழியாக வெளியே பாய்ந்துவிடலாமா என்று உடம்பு முறுக்கியது. பிறகு அந்த முறுக்கும் அடங்கியது. குண்டுகளின்மேல் மெல்ல உட்கார்ந்தான்.

"சரிங்க மாமா" என்றது அவன் வாய்.

மாமனார் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். வெளியே போகும்போது வயிறு அவ்வளவாக மாட்டவில்லை. க்ளிக் என்று ஒரு பூட்டு கழன்றது. பிறகு ஆலையே கேட்கும்படி அவர் குரல் எழுந்தது. "என்ன பண்றது சார், காலைப் பிடிக்காத குறையா கெஞ்சிட்டேன். பிடிவாதம் சார், பிடிவாதம். யார் சொன்னாலும் கேக்கற ஜென்மம் இல்ல சார் அது!" அந்தக் குரலில் இருந்த பெருமை வேறு யாருக்காவது கேட்டதோ இல்லையோ, உள்ளே இருந்தவனுக்குக் கேட்டது.

காலடிச் சத்தம் வேகமாக வந்தது. ஓட்டையில் மேனேஜரின் முகம், சிவந்து போய்.

"யோவ், மகளையும் குடுத்து, வேலையும் குடுத்து, வீட்லயே வெச்சு சோறு போடறாரு. அந்த மாமனார் பேச்சைக்கூடக் கேக்க மாட்டியா நீ?"

மேனேஜரின் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, மாமனார் நின்றுகொண்டிருந்தார். 'சொல்லுங்க' என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு, இப்படியும் அப்படியுமாகத் தலையை மெல்ல ஆட்டிக் காட்டினார்.

ஆறு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை எப்போது சொல்வோம் என்று ஏங்கிக் கிடந்தவன் மாப்பிள்ளை.

"மாட்டேன்" என்றான், மாமனார் சொல்லிக் கொடுத்தபடியே.